மஞ்சள் கவுனுக்கு ஓர் ஆரத்தி

தையல் ஆசிரியை புவான் ரொஹானி அந்தத் துணியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். ஷாந்தினியின் வயிற்றில் நெருப்பு பற்றிக்கொண்டது அந்த நிமிஷத்தில்தான்.

இரண்டு வருஷப் படிப்பில் ஷாந்தினி தைத்த எதையும் ஆசிரியை முகர்ந்து பார்த்ததில்லை. அளவுநாடா வைத்து அளப்பார். உள்தையலைத் திருப்பிப் பார்ப்பார். "பாகுஸ்" என்று மலாயில் பாராட்டி, வகுப்பிலேயே அதிகமான மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார். ஷாந்தினிக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. இப்போது பவானேஸ்வரியின் மேசையருகே அவர் நின்றவர் நின்றபடியே இருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, இது என் அம்மாவின் அடுப்படி வாசம் மாதிரி இருக்கிறது என்றார். வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஷாந்தினி மட்டும் குனிந்து, கோத்திருந்த ஊசியிலிருந்து நூலை உருவி மறுபடியும் கோத்தாள்.

அது தொண்ணூற்றேழாம் ஆண்டு. கடலுக்கு அந்தப் பக்கம் காடு எரிந்த புகை மலாக்காவை வாரக்கணக்கில் மூடியிருந்தது. டவுனில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்த அந்தத் தையற்கல்லூரியின் ஜன்னலைத் திறந்தால் எதிர்க்கடைப் பலகைகூடத் தெரியாது. அந்தப் புகையைக் காட்டித்தான் புவான் ரொஹானி கடைசி வேலையைக் கொடுத்திருந்தார். மண்ணுக்கும் காற்றுக்கும் கெடுதல் செய்யாத உடுப்பு ஒன்றை ஆளுக்கொன்று வடிவமைத்துத் தைக்க வேண்டும். புதுத் துணி வாங்கக் கூடாது. கடைச்சாயம் கூடாது. வெட்டி எறிகிற துண்டு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. நவம்பர் கடைசிச் சனிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து மேடம் சூ என்ற ஆடை வடிவமைப்பாளர் வந்து பன்னிரண்டு பேரின் உடுப்பையும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அதைத் தைத்தவளுக்கு அவருடைய கல்லூரியில் இரண்டு வருஷம் இலவசமாக மேற்படிப்பு.

ஒரே ஓர் இடம். அது தனக்குத்தான் என்று ஷாந்தினி முடிவே செய்திருந்தாள். கிடைக்காவிட்டால் சித்தப்பாவின் பள்ளிச் சீருடைக் கடையில் போய் உட்கார வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்தாகிவிட்டது. காலமெல்லாம் வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும்.

அவளுடைய அப்பா சேகரன் தஞ்சோங் கிளிங்கில் கடற்கரை ஓட்டல் ஒன்றின் சலவைப் பகுதியில் மேற்பார்வையாளர். ஓட்டலில் கழித்துப்போட்ட வெள்ளை மேசைத் துணிகளைக் கேட்டு வாங்கி வந்து கொடுத்தார். அதில் இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நாற்பது மடிப்பு வைத்து ஒரு பாவாடையும் கழுத்து ஒட்டிய மேல்சட்டையும் தைத்துக்கொண்டிருந்தாள் ஷாந்தினி. சாயமே இல்லை. கஞ்சி போட்டு இஸ்திரி பிடித்தால் மடிப்புகள் கத்தி மாதிரி நிற்கும். புவான் ரொஹானியும் பார்த்தார், அளந்தார், "பாகுஸ்" என்றார். முகரவில்லை.

பவானேஸ்வரி பெம்பானுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பெண். அதிகம் பேசமாட்டாள். ரொட்டிச்சானாய் என்கிற பரோட்டா சுடும் கடையிலிருந்து வாங்கிய ஆறு மாவுச் சாக்குகளைத்தான் அவள் துணியாக வைத்திருந்தாள். அவற்றைத் துவைத்து, மஞ்சளில் தோய்த்து, ஒரு கவுனாக்கிக்கொண்டிருந்தாள். சாக்கு எவ்வளவு அகலமோ அதுவே பாவாடையின் ஒரு பட்டை. ஒட்டுத்துண்டுகூட மிச்சமில்லை. அவளுடைய மேசைக்கடியில் இருந்த குப்பைக்கூடை மூன்று வாரமாகக் காலியாகவே இருந்ததை ஷாந்தினி தினமும் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பவானேஸ்வரியிடம் சட்டைக்கை வெட்டும் வடிவத்தாள் ஒன்றை வாங்கிவரும் சாக்கில் ஷாந்தினி பஸ் பிடித்து பெம்பானுக்குப் போனாள். உண்மையில் அந்த மஞ்சள் எப்படி அவ்வளவு அழகாகப் பிடித்தது என்று தெரிந்துகொள்ளத்தான் போனாள். வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. தோட்டத்து வீட்டு வரிசையில் ஒரு வாசலில் மட்டும் மஞ்சள் துணி கொடியில் தொங்கியது.

பவானேஸ்வரியின் அம்மா வேலாயி வெளியே வந்தாள். ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவள், தோட்டத்தில் பாதியை முதலாளிகள் வீடு கட்ட விற்றுவிட்ட பிறகு கையுறைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். புருஷன் இறந்து ஏழு வருஷம்.

"வா பாப்பா, உள்ள வா. டவுன்லேருந்தா வர? இந்தப் பொகையில மூஞ்சில ஒன்னும் கட்டிக்காமலா வந்த?"

"மாஸ்க் பையில இருக்கு ஆண்ட்டி."

"பையி மூச்சு விடுதா, நீ மூச்சு விடுறியா?" என்று சிரித்தாள் வேலாயி. "பவானி, யாரு வந்திருக்கான்னு பாரு."

பவானேஸ்வரி கொல்லையில் ஒரு மாவுச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாக்கின் அடியை ஆலையில் தடித்த நூலால் தைத்திருப்பார்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் மொத்த நூலும் ஒரே இழுப்பில் கழன்று வந்துவிடும். தப்பான முனை என்றால் முடிச்சு விழுந்துவிடும். ஷாந்தினி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் ஒரு முனையை நகத்தால் நெம்பி இழுத்தாள். சரசரவென்று நூல் முழுவதும் கைக்கு வந்தது. அதை ஒரு குச்சியில் சுற்றி வைத்தாள்.

"இத என்ன செய்யப் போற?"

"கழுத்தச் சுத்திப் பூ வேல. நூலு வாங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கல்ல."

நூல் வாங்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. துணிதான் வாங்கக் கூடாது. ஷாந்தினி அதைத் திருத்தவில்லை. மாறாக, மஞ்சளைப் பற்றி மெல்லப் பேச்சை எடுத்தாள். பவானேஸ்வரியோ ஒளிக்கத் தெரியாதவள்.

"படிகாரம் போட்டு, மஞ்சளோட சேத்துக் கொதிக்க வெக்கணும். பொறவு நெழல்லதான் காயப்போடணும். வெயில்ல போட்டா ரெண்டே நாள்ல வெளுத்துரும். இந்த வருஷம் சூரியனையே காணோம்ல, அதான் இப்படி நின்னுருச்சு. இந்த ஜெரெபுப் பொகைக்கு ஒரு கும்பிடு போடணும் லா."

ஷாந்தினியும் சிரித்தாள். ஊரே இருமிக்கொண்டிருக்கிற புகைகூட இவளுக்கு ஒத்தாசை செய்கிறதே என்று உள்ளே எரிந்தது.

வேலாயி அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்த் துருவலும் தட்டில் வைத்துக் கொடுத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தாள்.

"இவ எந்நேரமும் உன் பேச்சுத்தான் பாப்பா. ஷாந்தினி கொசுவம் புடிச்சா ஸ்கேல் வெச்ச மாரி இருக்கும்மா, நமக்கு வராதும்மாம்பா. நீ கொஞ்சம் சொல்லிக் குடு அவளுக்கு."

ஷாந்தினி கிழங்கைத் தண்ணீரோடு விழுங்கினாள். ஷாந்தினியின் அம்மாவும் நல்லவள்தான். அலுவலகம் விட்டு வந்து சமைத்து, துவைத்துப் போடுகிறவள். ஆனால் மகள் தைத்த எதைப் பற்றியும் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் வேலாயி பொட்டலம் கட்டிக் கொடுத்த கிழங்கு மடியில் சூடாக இருந்தது. அன்புக்கு நன்றி சொல்லத் தோன்றாமல், அன்பு எல்லாம் இவளுக்கே எதற்கு என்று கணக்குக் கேட்கத் தோன்றினால், மனம் எங்கேயோ கோணிக்கொண்டுவிட்டது என்று பொருள். ஷாந்தினிக்கும் அது மங்கலாகத் தெரிந்தது. தெரிந்ததைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே புகையைப் பார்த்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலமே வீட்டில் ஒரு மேசைத் துணியை மஞ்சளில் போட்டுக் கொதிக்கவிட்டாள். படிகாரம் சரியாகக் கரையவில்லையோ என்னவோ, துணி திட்டுத்திட்டாக வந்தது. வேலை முடிந்து வந்த சேகரன் கொடியில் தொங்கியதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்னம்மா, ஓட்டல்ல எவனோ மீன்கறியக் கொட்டிட்டுப் போன மாரி இருக்கு?"

"சும்மா டிரை பண்ணேன் லா அப்பா. தொவைச்சுப் போட்டுறேன்."

"சோப்பத் தொடாத. மஞ்சள்ல சோப்புப் பட்டா சிவப்பாயிரும். புதுசா வர்ற பசங்க எல்லாம் கறி பட்ட துணிய நேரா மெஷின்ல போட்டுட்டு, ரத்தம் ரத்தம்னு ஓடி வருவானுங்க. எலுமிச்சம்பழத்தத் தண்ணியில புழிஞ்சு முக்கு. பழையபடி மஞ்சளாயிரும். அதுக்கப்புறம்தான் மத்த வேல."

அவள் சோதித்துப் பார்த்தாள். சோப்புப் பட்ட இடம் குங்குமம் போல் சிவந்தது. எலுமிச்சை பட்டதும் சிவப்பு ஓடிப்போயிற்று. சின்னப் பிள்ளை மாதிரி நாலைந்து தடவை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தாள்.

தேர்வுக்கு முந்தின வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குப் போனாள். எனக்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்டாள். அதற்கு அடுத்த வாக்கியம் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. சந்நிதியில் நின்றுகொண்டு அதைக் கேட்கக் கூசியது. விழுங்கிவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் காலை எட்டரை மணிக்குக் கல்லூரி மாடியில் ஒரே சந்தடி. மேடம் சூ பதினொரு மணிக்கு வருகிறார். கல்லூரியில் இருந்த இரண்டு இஸ்திரிப் பெட்டிகளில் ஒன்று வாரத் தொடக்கத்திலேயே புகைந்து போயிருந்தது. நல்லதாக இருந்த ஒன்றுக்கு யார் எப்போது என்று புவான் ரொஹானி கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார். ஒன்பதரையிலிருந்து பத்தரைவரை ஷாந்தினி. நாற்பது மடிப்பு என்பதால் அவளுக்கு மட்டும் முழுதாக ஒரு மணி நேரம். கஞ்சி போட்ட பாவாடை தஞ்சோங் கிளிங் பஸ்ஸில் கூட்டத்தில் நசுங்கி, அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

பவானேஸ்வரி தன் முறையை முடித்துக் கவுனை உடுத்திக்கொண்டு வந்தாள். அவரவர் தைத்ததை அவரவரே உடுத்திக் காட்ட வேண்டும். பழுத்த எலுமிச்சையின் மஞ்சள். கழுத்தைச் சுற்றிச் சாக்கு நூலில் வெள்ளைப் பூக்கள். முன்பக்கம் தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்துச் செய்த ஏழு பொத்தான்கள். அந்த மௌனப் பெண் அதில் நிமிர்ந்து நின்றாள். அழகாக இருந்தது. அழகாக இருக்கிறது என்பதைத் தன்னைவிடத் தெளிவாக இந்த அறையில் யாரும் பார்க்கவில்லை என்று ஷாந்தினிக்குத் தெரிந்தது. பொறாமைக்குத்தான் எவ்வளவு நல்ல கண்.

வேலாயியும் வந்திருந்தாள். பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு பித்தளைத் தட்டையும் ஒரு பொட்டலத்தையும் எடுத்தாள். தண்ணீரில் மஞ்சளைக் கரைத்து, சுண்ணாம்பைச் சேர்த்துக் கலக்கினாள். தண்ணீர் சிவந்தது.

"எல்லாக் கண்ணும் இவ மேலதான் இருக்கு. ஒரு ஆலாத்தி எடுத்துட்டா மனசு ஆறும்," என்றாள். பிறகு ஷாந்தினியைப் பார்த்தாள். "பாப்பா, நீ ஒரு பக்கம் புடிக்கிறியா? இன்னொரு பக்கத்துக்கு யாரு இருக்கா? ரெண்டு பேரா எடுக்கணும்."

வகுப்பில் தமிழ்ப் பெண்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் மலாய், சீனப் பெண்கள்.

"நீயே புடிம்மா," என்றாள் பவானேஸ்வரி.

"நான் எப்படிடி? தாலி போனவ தொடக்கூடாது."

"ஏழு வருஷமா என்னத் தொட்டுத்தான வளத்த? அப்ப ஒன்னும் ஆவல. புடிம்மா."

வேலாயி தயங்கினாள். மகள் முகத்தைப் பார்த்தாள். தட்டின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மறுபக்கத்தை ஷாந்தினி பிடித்தாள். எல்லாக் கண்ணும் என்று வேலாயி சொன்னது தன் கண்ணைத்தான் என்று ஷாந்தினிக்குப் பட்டது. திருஷ்டி போட்டவளையே கூப்பிட்டுத் திருஷ்டி கழிக்கச் சொல்கிறார்களே.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் தட்டு பவானேஸ்வரியின் இடுப்புக்கு நேராக வந்தபோது, ஷாந்தினியின் பக்கம் ஒரு விரற்கடை தாழ்ந்தது. சிவப்புத் தண்ணீர் விளிம்பைத் தாண்டிப் பாவாடையின் முன்பக்கத்தில் விழுந்து, கீழே இறங்கி, உள்ளங்கை அகலத்துக்கு ரத்தச் சிவப்பாகப் பரவியது.

கை தானாகத் தாழ்ந்தது என்று பிற்பாடு அவள் எத்தனையோ தடவை தனக்கே சொல்லிப் பார்த்தாள். கை தானாகத் தாழாது. சந்நிதியில் கேட்கக் கூசியதைக் கை கேட்டுவிட்டது. அவ்வளவுதான்.

பவானேஸ்வரி அலறவில்லை. குனிந்து பாவாடையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு கவுனைக் கழற்றக் குளியலறைப் பக்கம் ஓடினாள். பக்கத்து மேசை மெய் லிங் நல்ல மனசுக்காரி. அலமாரியிலிருந்து சலவைத்தூள் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினாள்.

அந்தத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் கவுனை முக்கினால் எல்லாம் முடிந்தது. ஷாந்தினி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும். கரும்பலகைக்கு மேலே கடிகாரத்தில் ஒன்பதாகப் பத்து நிமிஷம்.

வேலாயி மாடிப்படி ஓரத்துக்குப் போய்விட்டிருந்தாள். தட்டைக் கீழே வைக்கவும் தெரியாமல் புடவைத் தலைப்பால் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"நான் தொட்டிருக்கக் கூடாது," என்றாள், யாரிடம் என்றில்லாமல். "புத்தி கெட்டவ. தெரிஞ்சே தொட்டேன். எம் புள்ளைக்கு நானே கெடுத்தேன்."

பவானேஸ்வரி அழுதிருந்தால் ஷாந்தினி தாங்கியிருப்பாள். அதற்கு மனத்தைத் தயாராக வைத்திருந்தாள். இதற்கு அவள் தயாராக இல்லை. இந்த அம்மாள் இனி ஆயுசுக்கும் ஒரு தட்டைத் தொடமாட்டாள், மகளுக்கு நெற்றியில் பொட்டு வைக்கக்கூடக் கை வராது, தன் கைதான் பாவக் கை என்று நம்பியே செத்துப்போவாள். செய்த கை இங்கே இருக்கிறது.

ஷாந்தினி குளியலறைக்கு ஓடினாள். மெய் லிங் டப்பாவின் மூடியைத் திறந்துவிட்டிருந்தாள்.

"தூளப் போடாத!" என்று அதை அவள் கையிலிருந்து பிடுங்கினாள். "சோப்புப் பட்டா முழுசும் செவந்துரும். எலுமிச்சம்பழம் வேணும், பவானி. எலுமிச்சம்பழத் தண்ணியில போட்டா செவப்புப் போயிரும். நான் செஞ்சு பார்த்திருக்கேன். மெய் லிங், கீழ முக்குக் கடைக்குப் போயி இருக்கிற பழம் எல்லாத்தையும் வாங்கிட்டு வா, ப்ளீஸ் லா."

மெய் லிங் ஓடினாள். ஷாந்தினி திரும்பி மாடிப்படிக்கு வந்தாள். வேலாயியின் கையிலிருந்த தட்டைப் பிடித்தாள்.

"ஆண்ட்டி, நீங்க இல்ல. உங்க பக்கம் நேராத்தான் இருந்துச்சு. நான்தான் சாச்சேன்."

"கை வழுக்கியிருக்கும் பாப்பா."

"வழுக்கல." ஷாந்தினி தட்டை விடவில்லை. "பவானிக்குத்தான் கெடைக்கும்னு தெரிஞ்சுபோச்சு. பொறுக்க முடியல. சாச்சேன்."

பின்னால் ஈரக் கவுனைக் கையில் பிடித்தபடி பவானேஸ்வரி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். கீழே சைக்கிள் கடையில் யாரோ மணியை அடித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

வேலாயி மூக்கைச் சிந்திப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"அப்ப என் கையி இல்ல," என்றாள்.

"இல்ல ஆண்ட்டி."

"சரி. சொன்னியே, அது போதும். இப்ப ஆவ வேண்டியதப் பாருங்க. எத்தன பழம் வேணும்?"

பவானேஸ்வரிக்கு அவ்வளவு சீக்கிரம் மனசு ஆறவில்லை. மெய் லிங் கொண்டுவந்த பழங்களை அறுக்கும்போது ஷாந்தினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ பேசாத," என்றாள் பவானேஸ்வரி. "புழி."

பிழிந்தாள். வாளித் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு கலந்து, கவுனின் முன்பக்கத்தைத் தாழ்த்தினார்கள். சிவப்பு ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி உள்ளே போயிற்று. ஆனால் பழம் பட்ட இடம் மற்ற இடத்தைவிடத் பளிச்சென்ற மஞ்சளாகத் தெரிந்தது. ஆகவே கவுன் முழுவதையும் முக்கி எடுத்தார்கள். நல்ல தண்ணீரில் அலசி, துண்டில் சுருட்டிப் பிழியாமல் அமுக்கினார்கள். கவுன் சொட்டச் சொட்ட இருந்தது. கடிகாரத்தில் ஒன்பதரை.

இஸ்திரிப் பெட்டி சும்மா இருந்தது. ஷாந்தினியின் முறை. அவளுடைய வெள்ளைப் பாவாடை நாற்காலியில் கசங்கிக் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பிறகு அதைத் தூக்கி வேறு நாற்காலியில் போட்டுவிட்டு, மஞ்சள் கவுனை மேசையில் விரித்து, மேலே ஒரு பழைய துணியைப் போட்டு இஸ்திரியை வைத்தாள். ஆவி புஸ்ஸென்று எழுந்தது.

"அது உன் நேரம்ல?" என்றாள் பவானேஸ்வரி.

"அந்தப் பக்கத்தப் புடிச்சு இழு. சுருக்கம் விழுது."

ஒரு மணி நேரம் இரண்டு பேரும் மாறி மாறித் தேய்த்தார்கள். வேலாயி நோட்டுப் புத்தகம் ஒன்றால் விசிறிக்கொண்டே நின்றாள். பொத்தானுக்கு அடியில் கடைசி ஈரம் காய்ந்தபோது மணி பத்து முப்பத்தைந்து. அடுத்த பெண் இஸ்திரிக்காக வந்து நின்றுவிட்டாள்.

மேடம் சூ குட்டை முடியும் கறுப்புக் கண்ணாடியுமாக இருந்தார். ஒவ்வொருத்தியையும் நிற்கவைத்து, நடக்கவைத்து, தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார். ஷாந்தினியிடம் வெகுநேரம் நின்றார். வெட்டு மிக நன்றாக இருக்கிறது, மடிப்புகளைத் தேய்த்திருந்தால் இன்னும் எவ்வளவோ எடுத்துக் காட்டியிருக்குமே, ஏன் தேய்க்கவில்லை என்று கேட்டார்.

"நேரம் போதவில்லை, மேடம்," என்றாள் ஷாந்தினி.

புவான் ரொஹானி கரும்பலகையைப் பார்த்தார். ஷாந்தினியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பவானேஸ்வரியின் வாய் திறந்து மூடியது.

மஞ்சள் கவுனின் இடுப்புப் பட்டையைத் திருப்பியபோது மேடம் சூ சிரித்துவிட்டார். மாவு ஆலையின் எழுத்துகள் உள்பக்கம் மங்கலாக அப்படியே இருந்தன. இதை ஏன் அழிக்கவில்லை என்றார். இந்தத் துணி எங்கிருந்து வந்தது என்று உடுத்துகிறவளுக்குத் தெரிந்திருக்கட்டும் என்றாள் பவானேஸ்வரி. அதற்குப் பிறகு முடிவைச் சொல்ல அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். ஷாந்தினியும் தட்டினாள். தட்டும்போதே அந்தப் பழைய நெருப்பு வயிற்றில் எட்டிப் பார்த்தது. வெள்ளைச் சட்டையும் நீலப் பாவாடையும் கண்முன்னே வரிசையாகத் தொங்கின. அவள் தட்டுவதை நிறுத்தவில்லை. கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

மேடம் சூவின் கார் போன பிறகு, ஜன்னலோரம் நின்ற ஷாந்தினியிடம் பவானேஸ்வரி வந்தாள்.

"உன் நேரத்த எனக்குக் குடுத்தன்னு அவங்ககிட்டச் சொல்லத்தான் பார்த்தேன்."

"தெரியும்."

"ஏன் குடுத்தன்னு கேப்பாங்க. அப்ப அதையும் சொல்லணும். அதான் சொல்லல."

ஷாந்தினி தலையை ஆட்டினாள். பேசாமல் இருந்து ஒருத்தியைக் கெடுக்கவும் முடியும், பேசாமல் இருந்து ஒருத்தியைக் காப்பாற்றவும் முடியும். காலையில் தான் செய்யப் போனதை நினைத்துக்கொண்டாள்.

"இன்னும் கோவம் இருக்கு எனக்கு," என்றாள் பவானேஸ்வரி.

"இருக்கட்டும் லா. எனக்கும் இன்னும் பொறாமை இருக்கு."

பவானேஸ்வரி சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேலாயி பையில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஷாந்தினி போய் அந்தப் பித்தளைத் தட்டை வெளியே எடுத்தாள். தண்ணீர் ஊற்றி, மஞ்சளைக் கரைத்து, சுண்ணாம்பைக் கலந்தாள். தண்ணீர் சிவந்தது.

"ஜெயிச்சுட்டு வர்ற புள்ளைக்கு ஆலாத்தி எடுக்கணும்ல ஆண்ட்டி. அந்தப் பக்கம் புடிங்க."

வேலாயி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேணாம் பாப்பா. ஒரு தடவ ஆனது போதும். நீயும் அந்தச் சீனப் புள்ளையும் எடுங்க. சாமி கோச்சுக்காது."

"நீங்க புடிச்ச பக்கம்தான் காலையில நேரா இருந்துச்சு."

வேலாயி அவளையே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையை முன்னே கொண்டுவந்து, புடவையில் துடைத்து, தட்டின் விளிம்பைப் பிடித்தாள். மறுபக்கத்தை ஷாந்தினி பிடிக்கும்வரை காத்திருந்தாள்.

"இருங்க," என்றாள் பவானேஸ்வரி. "இந்த வாட்டி நான் கவுன மாத்திட்டு வந்துர்றேன்."

பழைய சட்டையும் பாவாடையுமாக வந்து அவள் கிழக்கே பார்த்து நின்றாள். மெய் லிங்கும் மற்றப் பெண்களும் கதவருகே கூடி நின்று பார்த்தார்கள். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவதில் ஷாந்தினி தண்ணீரின் விளிம்பிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. தட்டு மட்டமாகப் போய் மட்டமாக வந்தது.

வேலாயி சிவப்புத் தண்ணீரைத் தொட்டு மகளின் நெற்றியில் வைத்தாள். பிறகு மறுபடியும் விரலை நனைத்தாள்.

"நீயும் குனி பாப்பா," என்றாள்.